நகராட்சிப் பணியும் தகுதி முறையும்

கோடைக்காலத்து அதிகாலையில் ஒரு தெருவின் குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டால், அதை அடைக்க வருபவர் இந்திய ஆட்சிப் பணி அலுவலர் அல்லர். மாநிலத் தலைமைச் செயலகத்தின் பிரிவு அலுவலரும் அல்லர். நகராட்சியின் குழாய்ப் பணியாளரும் அவருக்கு மேலுள்ள இளநிலைப் பொறியாளருமே வருகிறார்கள். பிறப்புச் சான்றிதழ், சொத்து வரி, கட்டட அனுமதி, கழிவுநீர், தெருவிளக்கு, இடுகாடு என்று குடிமகனின் வாழ்வைத் தொடக்கம் முதல் முடிவு வரை தொட்டுச் செல்லும் பணிகள் யாவும் இத்தகையோரின் கையிலேயே உள்ளன. ஆயினும், அரசுப் பணியில் திறமைக்கு இடமளிப்பது பற்றி நம் நாட்டில் நடைபெறும் விவாதங்கள் பெரும்பாலும் உயர்பணிகளையே சுற்றி வருகின்றன. நகராட்சி ஊழியர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறார், எவ்வாறு பதவி உயர்வு பெறுகிறார், அவரை விலக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்னும் கேள்விகள் போதிய அளவு ஆராயப்படுவதில்லை. அவற்றை இங்கு எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள கருத்துகள் எழுதுபவரின் சொந்தக் கருத்துகளே.

தகுதி முறை எது?

தகுதி முறை என்றவுடன் எழுத்துத் தேர்வே நினைவுக்கு வருகிறது. தேர்வு அதன் ஒரு பகுதி மட்டுமே. வேலை இருப்பதால் பதவி தோற்றுவிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆளுக்காகப் பதவி தோன்றலாகாது. காலியிடம் எல்லோரும் அறியும்படி விளம்பரப்படுத்தப்பட வேண்டும். மதிப்பீடு அந்த வேலைக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். தேர்ந்தெடுப்பவர், தேர்ந்தெடுக்கப்படுபவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத நிலையில் இருக்க வேண்டும். பணியில் சேர்ந்தபின் தகுதிகாண் பருவம், விதிப்படி பதவி உயர்வு, காரணம் காட்டி விளக்கம் கேட்ட பிறகே தண்டனை என்பவை தொடர வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பயனற்றுப் போகின்றன. நேர்மையாகத் தேர்வெழுதி வந்த ஒரு சுகாதார ஆய்வாளரை, ஓர் உணவு விடுதிக்கு அறிவிப்பு அனுப்பினார் என்பதற்காக மறுவாரமே வேறு ஊருக்கு மாற்ற முடியுமானால், அவர் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணால் நகரத்திற்கு என்ன பயன்?

இம்முறை பிரிட்டனில் 1854-ஆம் ஆண்டின் நார்த்கோட்–டிரெவெலியன் அறிக்கையிலிருந்து வளர்ந்தது என்பது மாணவர்கள் அறிந்ததே. அதே ஆண்டில் மெக்காலே தலைமையிலான குழு அளித்த பரிந்துரையின்படி, 1855-இல் இந்திய சிவில் சர்வீசுக்கு இலண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. இந்தியாவிலும் அத்தேர்வை எழுதலாம் என்ற நிலை 1922-இல்தான் வந்தது. மத்தியப் பணித் தேர்வாணையம் 1926 அக்டோபர் முதல் நாள் அமைக்கப்பெற்றது. மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை மாகாணமே 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகத் தனக்கெனத் தேர்வாணையம் ஒன்றை அமைத்துக்கொண்டது.

இந்த வரிசையில் நகராட்சிகள் எங்கும் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1882 மே 18-ஆம் நாளைய ரிப்பன் பிரபுவின் தீர்மானம், தல சுயாட்சியை முதன்மையாக அரசியல் பயிற்சிக்கான கருவியாகக் கண்டது. உள்ளூர் மன்றங்களுக்கு அதிகாரம் தருவது பற்றி அது விரிவாகப் பேசியது. அம்மன்றங்களின் சிப்பந்திகளை எவ்வாறு நியமிப்பது என்பது நெடுங்காலம் நகரமன்றத் தலைவரின் விருப்பத்திற்கே விடப்பட்டிருந்தது. வரி வசூலிப்பவரை நியமித்தவரும், வரி செலுத்துவோரிடம் வாக்குக் கேட்டவரும் ஒருவரே என்ற நிலையில் வரி வசூல் எவ்வாறு நடந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. சென்னை மாகாணத்தில் 1933-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு அரசு நியமிக்கும் ஆணையர்களைக் கொண்டுவந்ததன் பின்னணி இதுவே. ஆணையர் வந்தார், அவருக்குக் கீழுள்ள பணியாளர் அமைப்பு பெரும்பாலும் பழைய நிலையிலேயே இருந்தது.

சிகாகோ தரும் பாடம்

நகர ஊழியர்களுக்கெனத் தனியாகத் தகுதி முறையைச் சட்டமாக்கி, அதை நடைமுறைப்படுத்துவதில் நீண்ட அனுபவம் பெற்ற நாடு அமெரிக்கா. அங்கு 1881-இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு, பதவி கேட்டுக் கிடைக்காத ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். அதன் விளைவாக 1883-இல் பெண்டில்டன் சட்டம் நிறைவேறியது. அது மத்திய அரசுப் பணியைப் பற்றியது. நகரங்களில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. தேர்தலில் வென்ற கட்சி தெருக்கூட்டுபவர் முதல் காவலர் வரை தன் ஆட்களையே அமர்த்துவதும், அமர்த்தப்பட்டவர் தம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குச் செலுத்துவதும், தேர்தல் நாளில் வார்டு முழுவதும் சுற்றி வாக்குச் சேர்ப்பதும் வழக்கமாயிருந்தன.

இதனை ஒழிப்பதற்காக இல்லினாய் மாநிலம் 1895-இல் நகரங்களுக்கான பணிச் சட்டத்தை இயற்றியது; சிகாகோ மக்கள் அதே ஆண்டில் வாக்களித்து அதை ஏற்றனர். சட்டம் நல்ல சட்டம்தான். கட்சியோ அழியவில்லை. சட்டத்தில் ‘தற்காலிக நியமனம்’ என்ற ஏற்பாடு ஒன்று இருந்தது. தேர்வுப் பட்டியல் தயாராகும் வரை வேலை நின்றுவிடக்கூடாதல்லவா? அந்த நியாயமான காரணத்திற்காக வைக்கப்பட்ட வாயில் அது. அவ்வாயில் வழியே ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்தனர். தேர்வுகள் நடத்தப்படாமல் தள்ளிப்போயின. தற்காலிக நியமனங்கள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்தன. தற்காலிக ஊழியருக்குப் பணிப் பாதுகாப்பு இல்லையாதலால், நியமித்தவருக்கு அவர் நிரந்தர ஊழியரைவிடக் கூடுதலாகக் கட்டுப்பட்டிருந்தார். சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டு கழிந்தபின், 1969-இல் தொடுக்கப்பட்ட வழக்கொன்றில், 1972-ஆம் ஆண்டு ஒப்புதல் தீர்ப்பு அரசியல் காரணத்திற்காக ஊழியரை நீக்குவதைத் தடுத்தது. 1983-இல் அத்தடை நியமனத்திற்கும் விரிந்தது. நீதிமன்றக் கண்காணிப்பிலிருந்து அந்நகரம் விடுபட்டது 2014-இல்தான்.

அமெரிக்க அனுபவத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. தேர்வுகள் தாமே ஒரு கட்டத்தில் கேள்விக்குள்ளாயின. 1971-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தேர்வு என்பது வேலைக்குத் தொடர்புடையதாக இருந்தாக வேண்டும், தொடர்பற்ற தேர்வு ஓர் இனத்தவரை வெளியே நிறுத்துமானால் அது செல்லாது என்று தனியார் நிறுவனமொன்றின் வழக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டிலேயே நகர அரசுகளும் அச்சட்டத்தின் வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டன. நியூ ஹேவன் நகரம், 2003-ஆம் ஆண்டுத் தீயணைப்புப் படைப் பதவி உயர்வுத் தேர்வில் கறுப்பினத்தவர் போதிய அளவு தேறவில்லை என்று கண்டு முடிவுகளையே கைவிட்டது. தேறியவர்கள் வழக்குத் தொடுத்து 2009-இல் வெற்றி பெற்றனர். எரியும் கட்டடத்தில் குழுவை வழிநடத்தும் ஆற்றலை எழுத்துத் தாளில் எவ்வளவு அளக்கலாம் என்ற கேள்வி, அத்தீர்ப்போடு தீர்ந்துவிட்டதாக எவரும் கூறார்.

நம் அமைப்பு

இந்திய அரசியலமைப்பின் 320-ஆம் பிரிவு மத்திய, மாநிலப் பணிகளுக்குத் தேர்வாணையத்தின் கடமைகளை வகுக்கிறது. அடுத்துள்ள 321-ஆம் பிரிவு அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று. நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ விரும்பினால், உள்ளாட்சி அமைப்புகளின் பணிகளையும் சட்டத்தின் வாயிலாகத் தேர்வாணையத்தின் பொறுப்பில் சேர்க்கலாம் என்று அது கூறுகிறது. அரசியலமைப்பை வகுத்தோர் வாயிலைத் திறந்து வைத்தனர். நுழைவதை மாநிலங்களின் விருப்பத்திற்கு விட்டனர்.

1992-இல் நிறைவேறி 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி அளித்தது. தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம்; நிதிக்கு மாநில நிதி ஆணையம்; கடமைகளுக்குப் பன்னிரண்டாம் அட்டவணையின் 18 இனங்கள். ஊழியர்களுக்கோ ஒன்றுமில்லை. கடமையும் நிதியும் பகிர்ந்தளிக்கப்பட்டு, அவற்றைச் செயலாக்கும் கைகளைப் பற்றிச் சட்டம் மௌனமாக இருந்துவிட்டது. இம்மௌனத்தை ஒரு பெருங்குறை என்றே கருதுகிறேன்.

ஆதலின் மாநிலத்துக்கு மாநிலம் ஏற்பாடுகள் மாறுபடுகின்றன. பாடநூல்கள் அவற்றை மூவகையாகப் பிரிக்கும். ஒவ்வொரு நகராட்சியும் தன் ஊழியரைத் தானே நியமித்து, அந்நகராட்சிக்குள்ளேயே வைத்துக்கொள்வது தனிப்பணி முறை. மாநிலத்திலுள்ள நகராட்சிகள் அனைத்திற்கும் பொதுவான பணித் தொகுதியை அமைத்து, ஊருக்கு ஊர் மாற்றலுக்கு உட்படுத்துவது ஒருங்கமைந்த முறை. மாநில அரசு ஊழியரும் நகராட்சி ஊழியரும் ஒரே பணியில் அடங்குவது ஒன்றிணைந்த முறை. நடைமுறையில் பல மாநிலங்களில் இவை கலந்தே காணப்படுகின்றன.

ஏ.பி. ஜெயின் தலைமையில் 1963 முதல் 1966 வரை ஆய்வு நடத்திய ஊரக–நகர உறவுக் குழு, மாநில அளவிலான பணித் தொகுதிகளைப் பரிந்துரைத்தது. உத்தரப் பிரதேசம் 1966-இல் மையப்படுத்தப்பட்ட நகராட்சிப் பணி விதிகளை வகுத்தது. ராஜஸ்தான் அதற்குச் சற்று முன்பே தன் நகராட்சிப் பணியை அமைத்திருந்தது. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலை நகராட்சி ஆணையர் பதவிக்கு மாநிலத் தேர்வாணையமே தொகுதி இரண்டு தேர்வின் வழியாக ஆளெடுக்கிறது. மேற்கு வங்கத்தில் கொல்கத்தா மாநகராட்சிக்கெனத் தனி நகராட்சிப் பணி ஆணையம் ஒன்று நெடுங்காலமாக இருந்துவந்தது. 2018-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய ஆணையத்தை மாநிலம் முழுவதற்குமானதாக ஆக்கியது. தில்லியில் 1996-இல் அமைக்கப்பட்ட சார்நிலைப் பணித் தேர்வு வாரியம் மாநகராட்சியின் கீழ்நிலைப் பதவிகளுக்கும் தேர்வு நடத்துகிறது.

ஒருங்கமைந்த முறையில் தகுதிக்கு வாய்ப்பு மிகுதி. உள்ளூர்ச் செல்வாக்கு குறையும். சிறு நகராட்சியில் சேர்ந்த திறமைசாலிக்கு மேலேறும் வழியும் கிடைக்கும். இதற்கு நாம் கொடுக்கும் விலையையும் மறைக்கலாகாது. மேயரும் மன்றமும் தேர்தலில் மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டியவர்கள். தமக்குக் கீழுள்ள பொறியாளரின் மாற்றலும் பதவி உயர்வும் மாநிலத் தலைநகரில் முடிவாகுமென்றால், அப்பொறியாளர் யாரை நோக்கி நிற்பார்? உள்ளூர்க் கவுன்சிலரின் சிபாரிசுக்குப் பதிலாக மாநில அமைச்சரின் சிபாரிசு வந்து சேருமென்றால் தகுதி முறை வென்றதாகக் கொள்ள முடியாது. தேர்ந்தெடுக்கும் உரிமை சுயேச்சையான ஆணையத்திடமும், வேலை வாங்கும் உரிமை நகரத்திடமும் இருக்க வேண்டும் என்பதே பொருத்தமான பிரிவினை. இரண்டையும் மாநில இலாகா ஒன்றின் கையில் கொடுத்துவிடுவது எளிது. பெரும்பாலும் நடந்திருப்பதும் அதுவே.

பதவியின் விலை

பொருளாதார மாணவர்கள் இங்குச் சிறு கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். நகராட்சியில் ஒரு கடைநிலைப் பதவியின் மாத ஊதியம், அதே வேலைக்கு வெளியே கிடைக்கும் கூலியைவிட 10,000 ரூபாய் கூடுதல் என்று கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். முப்பது ஆண்டுப் பணிக்கு 36 இலட்சம். எதிர்கால வரவை எட்டு விழுக்காடு வட்டியில் இன்றைய மதிப்பிற்குக் குறைத்துக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 13.5 இலட்சம் வருகிறது. ஓய்வூதியத்தை இதில் சேர்க்கவில்லை. விளம்பரமும் போட்டியும் இன்றி அப்பதவியை வழங்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால், அவர் கையில் இருப்பது அத்தொகை மதிப்புள்ள ஒரு சொத்து. அதை அவர் உறவினருக்குக் கொடுக்கலாம், ஆதரவாளருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். விலை கொடுத்து வாங்கியவர் அதை மீட்கும் வழியைத் தேடுவார். கட்டட அனுமதிக் கோப்பு மேசையிலேயே உறங்குவதன் காரணம் பல நேரங்களில் இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. தனிமனிதரின் ஒழுக்கக் குறைவு என்று மட்டும் இதனைப் பேசிவிட்டு விடுவதால் பயனில்லை.

தற்காலிகம் என்னும் வாயில்

சிகாகோவின் கதையை நீட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தில்லி மாநகராட்சிச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. ‘அ’ வகைப் பதவிகளுக்கு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தைக் கலந்தே நியமனம் செய்ய வேண்டும் என்று அது விதிக்கிறது. நாட்டின் நகராட்சிச் சட்டங்களுள் இவ்வளவு தெளிவாகச் சொல்வன குறைவு. அதே பிரிவின் விலக்குரையில், ஓராண்டுக்கு மேற்படாத தற்காலிகப் பதவிக்குக் கலந்தாலோசனை தேவையில்லை என்றும் உள்ளது. இத்தகைய விலக்கு ஏறத்தாழ எல்லாப் பணி விதிகளிலும் உண்டு. அவசியமானதும்கூட. ஆனால் ஓராண்டு முடியும்போது என்ன நடக்கும் என்பதை எழுதாத விலக்கு, விதியையே விழுங்கிவிடுகிறது.

நகராட்சிகளில் மஸ்டர் ரோல், தினக்கூலி, ஒப்பந்தம், வெளிமுகமை எனப் பல பெயர்களில் இவ்வாயில் அகன்றுகொண்டே வந்திருக்கிறது. இதற்கு அரசியல் மட்டும் காரணமன்று. பல மாநிலங்களில் நகராட்சியின் வருவாயில் ஊழியர் செலவு இத்தனை விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற உச்சவரம்பு உள்ளது. நிரந்தர ஊழியரின் சம்பளம் அவ்வரம்பிற்குள் வரும். ஒப்பந்தக்காரருக்குத் தரும் தொகை வேறொரு கணக்குத் தலைப்பில் சென்றுவிடும். புதிய பதவிக்கு மாநில அரசின் அனுமதி வேண்டும்; அது வர ஆண்டுகள் ஆகும். சாக்கடையோ ஆண்டுக்கணக்கில் காத்திராது. ஆகவே ஆணையர் ஒப்பந்தப்புள்ளி கோருகிறார். 18 மாநிலங்களில் 74-ஆவது திருத்தம் செயற்பட்ட விதத்தைத் தணிக்கைத் துறை ஆராய்ந்தபோது, அனுமதிக்கப்பட்ட பதவிகளில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலியாக இருந்தது தெரியவந்தது.

2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, கர்நாடக அரசுக்கும் உமாதேவிக்கும் இடையிலான வழக்கில், முறையான தேர்வின்றி வந்தவர்களை நிரந்தரமாக்குவது சம வாய்ப்பு உரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அனுமதிக்கப்பட்ட பதவிகளில், நீதிமன்ற ஆணையின் துணையின்றிப் பத்தாண்டுகள் பணியாற்றியவர்களுக்கு மட்டும் ஒருமுறைச் சலுகை அளிக்கலாம் என்றது. தகுதி முறையின் பக்கம் நின்ற தீர்ப்பு அது. அதன் தர்க்கத்தில் குறை காண்பது எளிதன்று. வெளியே நின்று விளம்பரத்திற்காகக் காத்திருந்த வேலையற்ற இளைஞருக்கும் உரிமை உண்டல்லவா?

அத்தீர்ப்பு களத்தில் எவ்வாறு வேலை செய்தது என்பதை ஓர் அனுபவம் எனக்குக் காட்டியது. 2009-ஆம் ஆண்டில் நகர வளர்ச்சித் திட்டமொன்றின் கணக்குகளைப் பார்வையிட, வட இந்தியாவில் நடுத்தர நகராட்சி ஒன்றிற்குச் சென்ற குழுவில் நானும் இருந்தேன். இரட்டைப் பதிவுக் கணக்கு முறைக்கு நகராட்சிகள் மாறிக்கொண்டிருந்த காலம் அது; அதற்கான தேசியக் கையேடு 2004-இல் வெளிவந்திருந்தது. அந்நகராட்சியின் கணக்கர், ஆக்ட்ராய் சாவடியில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தவர். ஆக்ட்ராய் வரி ஒழிந்தபின் கணக்குப் பிரிவிற்கு மாற்றப்பட்டார். நல்ல மனிதர். பற்று எது, வரவு எது என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்தது. பயிற்சிக்கு மும்முறை விண்ணப்பித்து விடை பெறாதவர். ஆயினும் ஏடுகள் ஒழுங்காக இருந்தன. வியப்புற்று விசாரித்தபோது, பக்கத்து அறையில் தட்டச்சுப் பணிக்கென்று தினக்கூலியில் அமர்த்தப்பட்டிருந்த ஓர் இளைஞரைக் காட்டினார்கள். வணிகவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். ஏழு ஆண்டுகளாக அக்கணக்குகளை எழுதிவருபவர். எந்தக் கோப்பிலும் அவர் பெயர் கிடையாது.

அறிக்கையில் “கணக்குகள் நிறைவளிக்கும் நிலையில் உள்ளன” என்று எழுதினேன். அவற்றை எழுதியவர் யாரென்று எழுதவில்லை. எழுதினால் நகராட்சிக்கு இடர் வரும் என்று ஆணையர் தயங்கினார், நானும் வற்புறுத்தவில்லை. மறு ஆண்டு அந்நகராட்சி தினக்கூலியினர் அனைவரையும் விலக்கியது. அந்த இளைஞருக்குப் பத்தாண்டுகள் ஆகவில்லை. அவர் இருந்தது அனுமதிக்கப்பட்ட பதவியிலும் அன்று. பின்னர் கணக்கர் பதவிக்கு மாநில அளவில் தேர்வு அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது வரம்பு கடந்திருந்தது. அடுத்த தவணைக் கோப்பு என்னிடம் வந்தபோது அந்நகராட்சியின் கணக்குகள் பதினான்கு மாதம் பின்தங்கியிருந்தன. தகுதியின் பெயரால் தகுதியுடையவரே வெளியேறினார் என்பதோடு, அவர் தகுதியை ஏட்டில் பதியும் வாய்ப்பு இருந்தும் நான் அதைச் செய்யவில்லை என்பதும் உண்மை.

இத்தகையோருக்கு உமாதேவி தீர்ப்பிலேயே இடம் இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முறையான தேர்வு நடத்தும்போது, நெடுநாள் பணியாற்றியவர்களுக்கு வயது வரம்பைத் தளர்த்தி, அனுபவத்திற்கு ஓரளவு மதிப்பும் தரலாம் என்று அத்தீர்ப்பு குறிப்பிட்டிருந்தது. நிர்வாகங்கள் தீர்ப்பில் ‘நிரந்தரமாக்கக் கூடாது’ என்பதை ஏற்றுக்கொண்டன. ‘முறையான தேர்வை நடத்துக’ என்பதை மறந்துவிட்டன. 2025 ஜனவரியில் காஜியாபாத் மாநகராட்சியின் தோட்டப் பணியாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலையான வேலையில் ஆண்டுக்கணக்கில் தினக்கூலியாக ஆட்களை வைத்திருப்பதற்கு உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பயன்படுத்தலாகாது என்று கூறி, அவர்களை மீண்டும் பணியில் அமர்த்த ஆணையிட்டது.

எது தகுதி?

பரம்பரை உரிமை தகுதி முறைக்கு நேர் எதிரானது. சென்னை மாகாணத்தின் 1895-ஆம் ஆண்டுப் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டத்தின்படி தந்தைக்குப்பின் மகனுக்குக் கிராம முன்சீப் பதவி அளிப்பது செல்லாது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் கிராம முன்சீப், கர்ணம் ஆகிய பதவிகள் ஒழிக்கப்பட்டு, தேர்வாணையத்தின் மூலம் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். 1982-இல் அதுவும் நிலைநிறுத்தப்பட்டது. ஊர்ப்புற நிர்வாகத்தில் நடந்த அந்த மாற்றத்தோடு ஒப்பிடத்தக்கது நகர நிர்வாகத்தில் குறைவு.

ஆனால் நகரங்களில் பரம்பரை இன்னொரு வடிவில் நீடிக்கிறது. இங்கு நம் தீர்ப்பு அவ்வளவு எளிதாக இருக்க முடியாது. தூய்மைப் பணி தலைமுறை தலைமுறையாகச் சில சாதியினர் மீதே சுமத்தப்பட்டுவந்தது. மகாராஷ்டிரத்தில் லாட்–பாகே குழுவின் பரிந்துரைப்படி தூய்மைப் பணியாளரின் வாரிசுக்கு அவ்வேலையை அளிக்கும் வழக்கம் உண்டு. கொள்கையளவில் இது தகுதி முறைக்கு முரண். எனினும், அந்த வேலையைத் தவிர வேறெதற்கும் கதவு திறவாத ஒரு குடும்பத்திற்கு, நிரந்தரச் சம்பளமும் குடியிருப்பும் தரும் ஒரே வழி அதுதான் என்பதை மறந்துவிட்டுக் கொள்கை பேசுவது நேர்மையாகாது. வாரிசு நியமனத்தை நிறுத்துவதானால், அக்குடும்பத்துப் பிள்ளைகள் வரி வசூலிப்பவராகவும் மேற்பார்வையாளராகவும் பொறியாளராகவும் வரும் வழியை முதலில் அமைத்தாக வேண்டும்.

மறுபுறம், தூய்மைப் பணிக்கு எழுத்துத் தேர்வு வைத்தால் பட்டதாரிகள் திரள்கிறார்கள். நிரந்தர வேலைக்காகச் சேர்ந்துவிட்டு, துடைப்பத்தைத் தொட மனமில்லாதோர், தம் சம்பளத்தில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்து வேறொருவரை அனுப்புகின்றனர். வட இந்திய நகரங்களில் இந்த மாற்றாளை ‘ஏவஜி’ என்பர். அவர் பெரும்பாலும் அந்தப் பழைய சாதியைச் சேர்ந்தவராகவே இருப்பார். தேர்வு ஒருவருக்கு, வேலை மற்றவருக்கு. ராஜஸ்தான் 2018-இல் தூய்மைப் பணியிடங்களுக்குக் குலுக்கல் முறையைக் கையாண்டது. குலுக்கலில் தகுதி இல்லை. ஆனால் சிபாரிசும் இல்லை. வேலையில் உண்மையான முன்னனுபவம் உடையோர் மட்டுமே குலுக்கலில் பங்குபெறலாம் என்று உறுதியாக வைத்தால், இத்தகைய பணிக்கு எழுத்துத் தேர்வைவிட அது பொருத்தமானதே என்பது என் எண்ணம். ஆனால் அனுபவச் சான்றிதழை வழங்குபவர் யார் என்று பார்த்தால், சிபாரிசு அங்கே திரும்பி வந்து நிற்கும் ஆபத்து உண்டு.

இடஒதுக்கீட்டையும் தகுதியையும் எதிரெதிராக நிறுத்தும் வாதத்திற்கு இங்கு மிகுந்த இடம் தர வேண்டியதில்லை. 2019, 2022-ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம், தேர்வு மதிப்பெண் மட்டுமே தகுதியாகாது, சமூகப் பின்னணியையும் சேர்த்தே தகுதியைப் பொருள்கொள்ள வேண்டும் என்று தெளிவுபடுத்தியுள்ளது. நகராட்சியைப் பொறுத்தவரை வேறொன்றைக் கவனிக்க வேண்டும். இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியல் அனுமதிக்கப்பட்ட நிரந்தரப் பதவிகளுக்கே முறையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. வேலைகள் ஒப்பந்தக்காரரிடம் போகப் போக, தகுதி முறையும் இடஒதுக்கீடும் ஒருசேர வெளியேறுகின்றன.

சட்டம் வரையும்போது

2015-இல் தொடங்கிய அம்ருத் திட்டம், நகராட்சிப் பணித் தொகுதியை அமைப்பதைத் தன் சீர்திருத்தப் பட்டியலில் சேர்த்தது. இதனால் பல மாநிலங்களில் வரைவு விதிகள் தயாராயின. இத்தகைய வரைவைப் பரிசீலிக்க நேரும் அலுவலர்கள் ஆணையத்தின் உறுப்பினர் எண்ணிக்கையில் நெடுநேரம் செலவிடுவதைக் கண்டிருக்கிறேன். அது இரண்டாம் நிலைச் செய்தி. முதலில் பார்க்க வேண்டியது பதவிகளின் எண்ணிக்கை எந்த அடிப்படையில் நிர்ணயிக்கப்படுகிறது என்பது. மக்கள்தொகை, குழாய் இணைப்புகள், சாலை நீளம், வரிக் கட்டடங்கள் ஆகியவற்றோடு இணைக்கப்பட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தானாகவே மறுநிர்ணயம் ஆகும்படி அமைந்தால், ஒவ்வொரு பதவிக்கும் தலைநகருக்கு நடக்க வேண்டிய தேவை குறையும். அடுத்து, தேர்வு நாள்காட்டி. காலியிடம் ஏற்படும் முன்பே ஓய்வு பெறுவோரின் பட்டியல் ஆணையத்திற்குச் சென்றிருக்க வேண்டும். யார் எந்த நாளில் ஓய்வு பெறுவார் என்பது பணிப்பதிவேட்டில் பல்லாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுள்ள செய்தி. பதவி உயர்வுக்கு மூப்பு மட்டுமன்றி உரிய பயிற்சியில் தேறுவதும் நிபந்தனையாக வேண்டும். அப்பயிற்சிக்கு அனுப்புவது நகராட்சியின் கடமை என்றும் எழுதப்பட வேண்டும். இல்லையேல் மும்முறை விண்ணப்பித்துக் காத்திருந்த அக்கணக்கரே தண்டிக்கப்படுவார்.

கடைசியாகத் தற்காலிக நியமனம் பற்றிய விலக்குரை. ஆறு மாதமோ ஓராண்டோ, கால எல்லையை எழுதினால் போதாது. எல்லை முடியும் நாளில் அப்பதவிக்கான சம்பளப் பட்டியலைக் கருவூலம் ஏற்கலாகாது. ஆணையத்திற்குக் காலியிட அறிவிப்பு அனுப்பப்பட்டதற்கான எண் பட்டியலில் குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே ஒரேயொரு முறை நீட்டிக்கலாம். அந்தப் பதவியில் இருந்தவரின் பெயரும், அவர் செய்த வேலையும், எத்தனை நாள் என்பதும் பணிப்பதிவேட்டில் பதியப்பட்டு, அடுத்த தேர்வில் வயது வரம்பிலிருந்து அந்நாள்கள் கழிக்கப்பட வேண்டும். இவற்றுள் கடைசி வாசகத்தை நான் பார்த்த வரைவுகள் எதிலும் காணவில்லை.